ஹீட்டர் காற்று நின்றுவிட்டால்: மோட்டாரை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

இப்பகுதியில் இதுவரை நீரிறைக்கும் இயந்திரம், மருந்து தெளிக்கும் கருவி என நிலத்தோடு ஒட்டிய கருவிகளைப் பற்றியே படித்து வந்தோம். இம்முறை ஒரு வாகனத்தின் டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பார்க்கப் போகிறோம். காரணம் உண்டு. காணியை விட்டு வர நேர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று சோறு போடுவது ஒரு பழைய டீசல் வானோ காரோதான். 1977, 1983 வன்செயல்களின் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், காடு வெட்டிக் கமம் செய்து, போரினால் மீண்டும் பெயர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் மரக்கறிப் பாத்திகளை இழந்தவர்களும் இருக்கிறார்கள். நிலம் இல்லாதபோது கையிலிருந்த பணத்தையும் நகையையும் ஒன்றாக்கி வாகனம் வாங்கியவர்கள் இவர்களில் பலர். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பகலில் லீக்ஸ், கரட், கோவா மூட்டைகள், இரவில் எப்போதாவது அவசரமாக ஓர் ஆஸ்பத்திரிப் பயணம். ஒரு வாகனம் மூன்று வேலை செய்கிறது.

அந்த வாகனம் புதியதாக இருக்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட 5 ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. எனவே 1980களிலும் 1990களிலும் ஜப்பானில் செய்யப்பட்ட டொயோட்டா கொரோலா டீசல் கார், 'லொட்டோ' என்றும் 'டொல்பின்' என்றும் நாம் பெயர் வைத்திருக்கும் வான்கள், இவைதாம் நமக்குக் கிடைப்பவை. இவற்றின் எஞ்சின் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் எஞ்சினைச் சுற்றியுள்ள சிறிய மின் வேலைகள் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கும். அவற்றில் முதலாவதாகப் போவது பெரும்பாலும் ஹீட்டரின் காற்றாடி. ஆங்கிலப் பெயரால் அதைப் புளோவர் என்கிறோம்.

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். வெயிலுக்குள் ஹீட்டர் எதற்கு? ஆனால் இராகலையைத் தாண்டி உடப்புசல்லாவைக்கு இறங்கும் பாதையில் விடியற்காலை 5 மணிக்கு வாகனம் ஓட்டியவர்களுக்கு விடயம் தெரியும். வெளியே மூடுபனி. உள்ளே ஈரக் குடையும் ஈரப் புத்தகப் பையுமாகப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி உட்புறம் வெள்ளையாகிவிடும். சாரதி ஒரு கையால் வளையத்தைப் பிடித்து, மறு கையால் துணியைக் கொண்டு கண்ணாடியைத் துடைப்பார். துடைத்த இடத்தில் உள்ளங்கை அளவு வெளிச்சம் தெரியும். அதன் வழியாகத்தான் அடுத்த வளைவைப் பார்க்கிறார். இந்த நிலையில் எதிரே ஒரு லொறி வந்தால் என்ன நடக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. மலைநாட்டில் ஹீட்டர் சொகுசுக்கான பொருள் அல்ல. பிரேக்கைப் போலப் பார்க்க வேண்டிய பொருள்.

கண்ணாடி ஏன் வெள்ளையாகிறது?

சும்மா அமர்ந்திருக்கும் ஒரு பெரியவரின் மூச்சும் தோலும் மணித்தியாலத்துக்குச் சுமார் 30 முதல் 40 கிராம் வரை நீராவியை வெளிவிடுகின்றன. பத்துப் பேர் அடைத்த வானுக்குள் ஒரு மணி நேரத்தில் சேர்வது ஏறக்குறைய ஒரு பெரிய குவளைத் தண்ணீர். ஈர உடுப்பிலிருந்து வருவது தனி. இந்த ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் பனியாகப் படிகிறது. சோற்றுப் பானையின் மூடியில் நீர் கோர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

இதற்கு மருந்து இரண்டு: கண்ணாடியைச் சூடாக்குதல், ஈரக்காற்றை வெளியே தள்ளி உலர்ந்த காற்றை அதன் மேல் வீசுதல். ஹீட்டர் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறது. எஞ்சினைச் சுற்றி வந்த சுடுநீர் இரண்டு ரப்பர் குழாய்களின் வழியாக டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஒரு சின்ன ரேடியேட்டருக்கு வருகிறது. அதன் ஊடாகக் காற்றைத் தள்ளிக் கண்ணாடிக்கு அனுப்புவது புளோவர் மோட்டாரின் வேலை. மோட்டார் நின்றால் சுடுநீர் வந்து என்ன பயன்? அடுப்பு எரிகிறது, பானைதான் மேலே இல்லை.

சில சாரதிமார் சவர்க்காரத்தை மெல்லத் தடவித் துடைக்கிறார்கள். சிலர் உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கிறார்கள். சவர்க்காரம் சிறிது நேரத்துக்குக் கைகொடுக்கும் என்பது உண்மை. ஒரு பயணத்துக்குப் போதும், ஒரு மழைக்காலத்துக்குப் போதாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பல வாகனங்களில் காற்றை வெளியிலிருந்து எடுப்பதா, உள்ளேயே சுழற்றுவதா என்று தெரிவு செய்ய ஒரு தள்ளுபிடி உண்டு. குளிருகிறது என்று அதை 'உள்ளே' பக்கம் தள்ளி வைத்தால் பிள்ளைகளின் மூச்சே திரும்பத் திரும்பக் கண்ணாடிக்குப் போகும். மோட்டார் நன்றாக ஓடினாலும் கண்ணாடி தெளியாது. முதலில் இதைப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடங்குங்கள்.

வாய்க்காலைப் பின்தொடர்வது போல

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் வயலைக் குறை சொல்வதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வழியே நடக்கிறோம். குளத்தில் நீர் இருக்கிறதா, துருசு திறந்திருக்கிறதா, எங்கே உடைத்துக்கொண்டது, எங்கே குப்பை அடைத்தது என்று பார்த்துக்கொண்டே போகிறோம். மின்சாரத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். பற்றரி குளம். சாவியும் விசிறிச் சுவிட்சும் துருசுகள். பியூஸ், வெள்ளம் மிஞ்சினால் தானே உடையும்படி வேண்டுமென்றே பலவீனமாகக் கட்டிய வரம்பு. மோட்டார் வயல். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வயலில் நீர் தேங்கி நின்றாலும் பயன் தரும். மின்சாரம் அப்படியல்ல. உள்ளே வந்தது வெளியே போனால்தான் வேலை செய்யும். மோட்டாருக்குப் பின் அது வாகனத்தின் இரும்புடல் வழியாகப் பற்றரிக்குத் திரும்ப வேண்டும். இந்த வடிச்சல் வாய்க்காலைத்தான் ஏர்த் என்கிறோம். பழைய வாகனங்களில் வரும் பிழைகளில் கணிசமான பங்கு இந்த வடிச்சலில்தான் இருக்கிறது. மழையும் துருவும் மிகுந்த மலையில் இது வியப்பல்ல.

ஆனால் கராஜுகள் சிலவற்றில் நடப்பது வேறு. காற்று வரவில்லை என்றதும் 'மோட்டார் போய்விட்டது, புதிதாகப் போடவேண்டும்' என்று சொல்லிவிடுகிறார்கள். மோட்டார்தான் இந்த வரிசையில் விலை கூடியது. பெரும்பாலும் கடைசியாகப் போவதும் அதுதான். ஆகவே விலை குறைந்த இடத்திலிருந்து தொடங்கி விலை கூடிய இடத்துக்குப் போக வேண்டும் என்பதே இப்பாடத்தின் விதி.

தேவையானவை: ஒரு ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள், கையடக்க மீட்டர் ஒன்று. மீட்டர் இல்லாவிட்டால் சிக்னல் விளக்கின் 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து இரண்டு நீண்ட வயர்களைப் பற்றவைத்துச் சோதனை விளக்கு செய்துகொள்ளலாம். கடையில் விற்கும் சிறு எல்.ஈ.டி. ரெஸ்டரைவிட இது நம்பகமானது. எல்.ஈ.டி. எரிய மிகச் சிறிய மின்சாரம் போதும். துருப்பிடித்த இணைப்பிலும் அது எரிந்து நம்மை ஏமாற்றும். 21 வாட் பல்புக்கு ஏறக்குறைய 1.75 அம்பியர் வேண்டும். இணைப்பு பழுதென்றால் அது மங்கிவிடும், உண்மையைச் சொல்லிவிடும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. கார்களும் வான்களும் பொதுவாக 12 வோல்ட். ஆனால் டீசல் லொறிகளிலும் பஸ்களிலும் இரண்டு பற்றரி இணைத்த 24 வோல்ட் வாகனங்கள் பல உண்டு. 12 வோல்ட் மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும். பற்றரியைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

எந்த வேகத்தில் ஓடுகிறது?

விசிறிச் சுவிட்சில் மூன்று அல்லது நான்கு வேகங்கள் இருக்கும். கருவி எதையும் எடுக்குமுன் சாவியைத் திருப்பி ஒவ்வொரு வேகமாகப் போட்டுப் பாருங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு இல்லை. பாதிப் பதில் இதிலேயே கிடைத்துவிடும்.

ஆகக் கூடிய வேகத்தில் மட்டும் ஓடி, குறைந்த வேகங்களில் நின்றுவிட்டால் மோட்டாரில் பிழை இல்லை. பிழை ரெசிஸ்டரில். மோட்டாரின் வேகத்தைக் குறைப்பதற்காகச் சுருள் கம்பிகளைக் கொண்ட இந்தச் சிறிய பாகத்தை வழியில் வைத்திருக்கிறார்கள். கூடிய வேகம் போடும்போது மின்சாரம் இதைத் தொடாமல் நேரே போகும். மற்ற வேகங்களில் சுருள்களின் ஊடாகப் போய்க் களைத்து வரும். களைப்பு என்பது இங்கே வெப்பம். அதனால்தான் ரெசிஸ்டரைக் காற்றுப் பாதைக்குள்ளேயே, மோட்டாருக்கு அருகில் பொருத்தியிருக்கிறார்கள். மோட்டார் வீசும் காற்றே அதைக் குளிர்விக்கிறது. காற்றுப் பாதையில் இலையும் குப்பையும் அடைத்தால் ரெசிஸ்டர் சூடாகி அதிலுள்ள வெப்பப் பியூஸ் அறுந்துவிடும். புதிய ரெசிஸ்டர் போட்டும் திரும்பத் திரும்பப் போகிறதென்றால் குப்பையைத் தேடுங்கள், அல்லது மோட்டார் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அறுந்த வெப்பப் பியூஸுக்குக் குறுக்கே ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்து ஓட்டுபவர்கள் உண்டு. அந்தப் பெட்டியைச் சுற்றி இருப்பது பிளாஸ்டிக்கும் காய்ந்த இலையும். தீப்பிடிக்க அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

குறைந்த வேகங்களில் ஓடி, கூடிய வேகத்தில் மட்டும் நின்றால் சுவிட்சின் அந்தத் தொடுமுனை கருகியிருக்கலாம். சில வாகனங்களில் கூடிய வேகத்துக்கென்றே தனி ரிலே உண்டு. அதையும் பார்க்க வேண்டும்.

எல்லா வேகத்திலும் மெதுவாகவே ஓடினால் வழியில் எங்கோ மின்சாரம் கசிகிறது, அல்லது மோட்டாரின் அச்சு இறுகியிருக்கிறது. ஓடும்போது கீச்சென்று சத்தம் வந்தால் புஷ் காய்ந்திருக்கிறது. படபடவென்று அடித்தால் காற்றாடிக் கூட்டுக்குள் இலை புகுந்திருக்கிறது. டாஷ்போர்டின் கீழே கையால் தட்டினால் ஓடத் தொடங்கி, மறுநாள் மீண்டும் நின்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

எந்த வேகத்திலுமே ஓடாவிட்டால்தான் வாய்க்கால் நடை தொடங்குகிறது.

பியூஸிலிருந்து மோட்டார் வரை

முதலில் பியூஸ். மூடியில் 'ஹீட்டர்' என்று எழுதியிருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மீட்டரால் அளந்து பாருங்கள், கால்களில் பச்சை பூத்திருந்தால் சுரண்டுங்கள். அறுந்திருந்தால் அதே எண்ணுள்ள பியூஸையே போட வேண்டும். போட்ட உடனே அறுந்தால் எங்கோ வயர் இரும்பில் உரசுகிறது. பத்து நிமிடம் ஓடி அறுந்தால் மோட்டார் இறுகி, அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. இரண்டிலும் பெரிய பியூஸ் போடுவது மருந்தல்ல. சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடும் பழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. அது பியூஸைக் காப்பாற்றி வாகனத்தை எரிப்பதற்குச் சமம்.

பியூஸ் சரியென்றால் மோட்டாருக்குப் போங்கள். நமது நாட்டு வாகனங்களில் வளையம் வலப்பக்கம் இருப்பதால் மோட்டார் பெரும்பாலும் இடப்பக்கம், முன்னால் அமர்பவரின் முழங்காலுக்கு எதிரே, டாஷ்போர்டுப் பெட்டிக்குக் கீழே இருக்கும். அதற்கு இரண்டு வயர் கொண்ட பிளக் ஒன்று வரும். பிளக்கைக் கழற்றுங்கள். சாவியைத் திருப்பி விசிறியைக் கூடிய வேகத்தில் வையுங்கள்.

சோதனை விளக்கின் ஒரு முனையை வாகனத்தின் சுத்தமான இரும்பில் பிடித்து, மறு முனையைப் பிளக்கின் இரண்டு வாய்களிலும் மாறி மாறித் தொடுங்கள். எதிலும் எரியவில்லை என்றால் மின்சாரம் இங்கு வரவே இல்லை. பியூஸுக்கும் இதற்கும் இடையில், ரிலேயிலோ சாவியிலோ சுவிட்சிலோ தேடுங்கள். ஒன்றில் எரிந்தால் நீர் வயல் வரை வந்துவிட்டது. இனி விளக்கின் இரண்டு முனைகளையும் பிளக்கின் இரண்டு வாய்களிலும் ஒரே நேரத்தில் பிடியுங்கள். பிரகாசமாக எரிந்தால் வரவும் வடிச்சலும் சரி, பிழை மோட்டாரில். எரியாவிட்டால் வடிச்சல் அடைபட்டிருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம். பல பழைய ஜப்பான் வாகனங்களில் விசிறிச் சுவிட்ச் மோட்டாருக்கு முன்னால் இல்லை, பின்னால் வடிச்சல் பக்கத்தில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதுமே மோட்டாருக்கு மின்சாரம் வந்து காத்து நிற்கும். சுவிட்ச் போடும்போதுதான் ஏர்த் கிடைத்து ஓடும். இது தெரியாதவர்கள் 'மோட்டாருக்கு லைன் வருகிறது, ஆனால் ஓடவில்லை, ஆகவே மோட்டார் பழுது' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் சுவிட்சோ ரெசிஸ்டரின் பிளக்கோ சுவிட்சின் ஏர்த் வயரோ பழுதாக இருக்கும். நல்ல மோட்டார்கள் பல குப்பைக்குப் போவது இந்த ஒரு தவறான முடிவினால்தான்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எமக்குத் தெரிந்த நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு லொட்டோ வானை வாங்கின. மழைக்காலம் தொடங்கியதும் ஹீட்டர் காற்று நின்றது. காட்டிய இடத்தில் மோட்டார் போய்விட்டது என்றார்கள். கூலியோடு சேர்த்து ஒரு மாதப் பாடசாலைக் கூலியில் பாதி போனது. பழைய பாகக் கடையிலிருந்து வந்த மோட்டார் ஒன்பது நாள் ஓடி நின்றது. இரண்டாவது மோட்டாருக்குப் பணம் சேர்க்கத் தொடங்கியபோது, முன்பு வன்னியில் நீரிறைக்கும் இயந்திரம் திருத்திய ஓர் இளைஞர் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். ரெசிஸ்டருக்கு வரும் பிளக்கின் ஒரு வாய் கருகிப் பிளாஸ்டிக் உருகியிருந்தது. அந்த வாயை வெட்டியெடுத்துப் புதிய தொடுமுனை போட்டதும் மோட்டார் ஓடியது. கழற்றி மூலையில் போட்டிருந்த முதல் மோட்டாரையும் பற்றரியில் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் ஓடியது.

பிளக் ஏன் கருகுகிறது? சிறிய வாகனங்களிலும் கூடிய வேகத்தில் புளோவர் மோட்டார் 10 அம்பியருக்கு மேல் இழுப்பது வழக்கம். தளர்ந்த இணைப்பு ஒன்றில் ஓர் ஓமின் ஐந்தில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும். 10 அம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கேயே தொலைந்து, 20 வாட் வெப்பமாக வெளிவரும். ஈயம் பற்றவைக்கும் சிறிய இரும்பு 25 வாட்தான். அந்த அளவு வெப்பத்தை ஒரு பிளாஸ்டிக் பிளக்குக்குள் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறோம். எனவே ஓடும்போது பிளக்குகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுடுகிறதென்றால் பிழை அங்கேதான், மீட்டர் வேண்டியதில்லை.

மீட்டர் உள்ளவர்கள் எஞ்சினை ஓட விட்டு, பிளக்கை மாட்டிய நிலையில், கூடிய வேகத்தில் மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே அளக்கலாம். பற்றரியில் 14 வோல்ட் அளவில் இருக்கும்போது மோட்டாரில் 13 அளவில் இருந்தால் பழைய வாகனத்துக்கு அது திருப்தி. 10 அல்லது 11 என்றால் வழியில் பெரும் கசிவு. ஏர்த் வயர் இரும்பில் பூட்டியிருக்கும் திருகாணியைக் கழற்றி, வர்ணமும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, சிறிது கிரீஸ் தடவுங்கள். இந்தப் பத்து நிமிட வேலை பல மோட்டார்களைக் காப்பாற்றியிருக்கிறது.

மோட்டாரைக் கழற்ற நேர்ந்தால்

சோதனை மோட்டாரைத்தான் காட்டுகிறது என்றால் பற்றரியின் கழிவு முனையைக் கழற்றிவிட்டு மோட்டாரை இறக்குங்கள். பொதுவாக மூன்று திருகாணிகள். முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். தடங்கலின்றிச் சுற்றவேண்டும். பிறகு பியூஸ் வைத்த வயர் ஒன்றினால் பற்றரியிலிருந்து நேரே கொடுத்துப் பாருங்கள். காற்றாடிக்குள் விரலையும் முந்தானையையும் விடவேண்டாம்.

ஓடாவிட்டாலும் உடனே வீசிவிட வேண்டாம். திறக்கக்கூடிய மோட்டாராக இருந்தால் உள்ளே இரண்டு கார்பன் பிரஷ்கள் இருக்கும். தேய்ந்து கட்டையாகி ஸ்பிரிங் எட்டாமல் நின்றிருந்தால், சற்றுப் பெரிய பிரஷ் ஒன்றை வாங்கி அளவுக்கு அரத்தால் தேய்த்துப் போடலாம். நம் ஊர் வைண்டிங் கடைகளில் இது வழக்கமான வேலை. பிரஷ் உரசும் செப்பு வளையம் கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடையுங்கள். எமரித்தாள் வேண்டாம், அதன் தூள் செப்புத் துண்டுகளின் இடுக்கில் தங்கிக் கெடுதல் செய்யும். இடுக்குகளை ஊசியால் சுத்தம் செய்யுங்கள். இரு பக்கப் புஷ்களுக்கும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி. அதற்குமேல் விட்டால் எண்ணெய் பிரஷ்ஷில் வழிந்து வேறு வேலை தரும்.

மீண்டும் பூட்டியபின் மோட்டார் ஓடுகிறது, ஆனால் காற்று பலவீனமாக வருகிறது என்று சிலர் சொல்வார்கள். வயர்கள் மாறியிருக்கின்றனவா பாருங்கள். இம்மோட்டாரில் வயரை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்ப்பக்கம் சுழலும். இந்த வகைக் காற்றாடி எதிர்ப்பக்கம் சுழன்றாலும் காற்று வெளியேதான் வரும், ஆனால் வலு குறைந்துவிடும். ஆகவே கண்டுபிடிப்பது கடினம். கழற்றுமுன் எந்த நிற வயர் எங்கே என்று ஒரு தாளில் குறித்து வைப்பது நல்லது.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் பழைய மோட்டாரைக் கையோடு கொண்டு போங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் பாகங்கள் கிடைக்கும். ஆனால் ஒரே பெயருள்ள வானுக்கே ஆண்டுக்கு ஆண்டு மோட்டாரின் பிளக்கும் திருகாணித் துளைகளும் மாறும். துளை, அச்சின் தடிமன், சுழலும் திசை, வோல்ட் ஆகிய நான்கையும் ஒப்பிட்டு, கடையிலேயே பற்றரியில் ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

காற்று வருகிறது, சூடு வரவில்லை

இது வேறு வியாதி. சுருக்கமாகச் சொல்கிறோம். டீசல் எஞ்சின் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதால் பெற்றோல் எஞ்சினைவிட நீருக்குக் கொடுக்கும் வெப்பம் குறைவு. நின்ற இடத்தில் ஓடவிட்டால் நெடுநேரம் சூடேறாது. சில கிலோமீட்டர் ஓடியும் சூடு வரவில்லை என்றால் தேர்மோஸ்டட்டைக் கேளுங்கள். பதனீரின் சூட்டை 80 பாகை செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க உதவும் இந்தச் சிறு கதவை, 'எஞ்சின் சூடாகும்' என்று சொல்லி வெப்பமான ஊர்களில் கழற்றி எறிந்துவிடுவது வழக்கம். அந்த வாகனம் மலைக்கு வரும்போது ஹீட்டர் சூடேறாது, டீசலும் கூடச் செலவாகும். அதேபோல் ஹீட்டருக்குப் போகும் இரு குழாய்களையும் கழற்றி, ஒன்றோடொன்று இணைத்து வளைத்து விட்ட வாகனங்களும் கீழ்நாட்டிலிருந்து வருகின்றன. வாங்கும்போதே எஞ்சின் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். இணைத்த காரணத்தையும் கேளுங்கள். உள்ளே இருக்கும் சிறு ரேடியேட்டர் ஒழுகியதால் அப்படிச் செய்திருக்கலாம். கண்ணாடியில் படிவது துடைத்தாலும் போகாமல் எண்ணெய்ப் பிசுக்காக, இனிப்பு மணத்தோடு இருந்தால் அது மூச்சின் ஈரம் அல்ல, அந்த ஒழுக்கு. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம்.

கடைசியாக எலிகள். மரக்கறி ஏற்றும் வாகனத்துக்கு எலி வராமல் இருக்காது. முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் சல்லடை உடைந்திருந்தால் எலி அதன் வழியே இறங்கிக் காற்றாடிக் கூட்டுக்குள் பஞ்சும் சருகும் சேர்த்துக் கூடு கட்டும், வயரையும் கடிக்கும். டர்பன்டைன் மரத்தின் கீழ் நிறுத்தினால் இலைகளும் அதே வழியாகத்தான் போகின்றன. நுளம்பு வலையைவிடச் சற்றுப் பெரிய கண்ணுள்ள கம்பி வலைத் துண்டு ஒன்றை அளவாக வெட்டி அந்த வாயின் மேல் இறுக்கிப் பூட்டுங்கள். மாதம் ஒருமுறை பொனற்றைத் தூக்கும்போது வலையின் மேல் சேர்ந்த இலைகளைக் கையால் அள்ளிவிடுங்கள். மழை தொடங்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை.